பேட்ஜ் உண்டு, தீர்மானம் இல்லை
திருச்சிப் பள்ளிகளின் மாணவர் மன்றங்களும் மாணவர் தலைமையும்: ஒரு திறனாய்வு

ஜூன் மாதம் பள்ளி திறந்து சில வாரங்களில் திருச்சிராப்பள்ளியின் மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளிகளில் பதவியேற்பு விழாக்கள் தொடங்கிவிடும். எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவர்), ஏ.எஸ்.பி.எல். (துணைத் தலைவர்), ஹவுஸ் கேப்டன்கள் என வரிசையாக மாணவர்கள் மேடையேறுவார்கள். தோளில் பட்டை, சட்டையில் பேட்ஜ், கையில் அணியின் கொடி. சிறப்பு விருந்தினர் உறுதிமொழி வாசிக்க, அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் ஆரவாரம் குறைவு, பட்டியல்தான் நீளம். தமிழ் இலக்கிய மன்றம், அறிவியல் மன்றம், கணித மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், நுகர்வோர் மன்றம், தேசிய பசுமைப் படை, இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர், என்.சி.சி., என்.எஸ்.எஸ். என்று ஒரு மேல்நிலைப் பள்ளியின் பெயர்ப்பலகையையே நிரப்பிவிடும்.

இத்தனை அமைப்புகள் இருந்தும், பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறும் ஒரு மாணவியிடம் "உன் பள்ளியில் நீ சொல்லி எது மாறியது?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. மேடையில் பேசியிருப்பாள், மரம் நட்டிருப்பாள், பரிசு வாங்கியிருப்பாள். பள்ளியின் அன்றாடத்தைப் பற்றிய ஒரு முடிவில் அவளுக்குப் பங்கு இருந்திருக்காது. நம் பள்ளிகள் மாணவர்களுக்குச் செயலைத் தருகின்றன, பதவியைத் தருகின்றன, தீர்மானிக்கும் இடத்தைத் தருவதில்லை. மன்றங்களின் நிறையும் மாணவர் தலைமையின் குறையும் இந்த ஓரிடத்தில்தான் பிரிகின்றன.

சட்டாம்பிள்ளை முதல் எஸ்.பி.எல். வரை

இன்றைய வகுப்புத் தலைவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால் குறையின் வேர் புலப்படும். திண்ணைப் பள்ளிகளில் வாத்தியாருக்கு அடுத்தபடியாகச் சட்டாம்பிள்ளை இருந்தான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னே படித்துவிட்ட பையன். சின்னவர்களுக்கு மணலில் எழுத்துப் பழக்குவான், பாடம் ஒப்பிக்க வைப்பான், வாத்தியார் இல்லாத நேரத்தில் ஒழுங்கைப் பார்த்துக்கொள்வான். 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த பையன்களைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் காப்பகத்தில் வளர்த்தெடுத்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது.

இன்னொரு வழி அங்கிருந்து இங்கே வந்தது. 1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்ட், மேல்வகுப்பு மாணவர்களிடம் கீழ்வகுப்பினரை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை ஒப்படைத்தார். அந்த முறையைப் பின்பற்றிய ஆங்கிலப் பள்ளிகளின் வார்ப்பில்தான் நம்மூர் ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளும் மிஷன் பள்ளிகளும் ஹவுஸ், கேப்டன் ஏற்பாடுகளை அமைத்துக்கொண்டன. பிறகு மெட்ரிக் பள்ளிகள் அதை எடுத்துக்கொண்டன.

இரண்டு வழிகளிலும் நல்லது இருக்கிறது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லித் தருவதைப் போல நிலைத்து நிற்கும் கல்வி வேறில்லை. மூத்தவர் இளையவரைப் பார்த்துக்கொள்ளும் பழக்கமும் பள்ளிக்குத் தேவை. ஆனால் சட்டாம்பிள்ளையும் சரி, ஆர்னால்டின் மேல்வகுப்பு மாணவனும் சரி, ஆசிரியரின் நீட்சிதான். அவர்கள் மேலிருப்பவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். கீழிருப்பவர் சார்பில் பேச வேண்டியவர்கள் அல்லர். இன்றும் வகுப்புத் தலைவரின் முதல் வேலை, ஆசிரியர் வராத பீரியடில் பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது. அடுத்த வேலை நோட்டுகளைச் சேர்த்து ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோவது. எஸ்.பி.எல். காலைப் பிரேயரில் வரிசையைச் சரிசெய்வார், தாமதமாக வந்தவர்களை கேட் அருகே நிறுத்துவார். உடன் படிப்பவர்கள் அவரைத் தங்கள் ஆளாக நினைக்க முடியாது. அப்படி நினைக்கவும் இந்த ஏற்பாட்டில் இடமில்லை.

மன்றங்கள் தருவது என்ன

மன்றங்களின் கதை வேறு. அவற்றின் நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வளரும் ஒரு பிள்ளைக்குப் பாட்டு வகுப்பும் வீணை வகுப்பும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும். கொள்ளிடக் கரையோரக் குடியிருப்பிலிருந்து அதே ஊர் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பள்ளியின் மன்றம்தான் பாட்டு வகுப்பு, அதுதான் மேடை, அதுதான் மைக். பணம் கட்டிக் கற்க முடியாத பல திறன்களுக்கு ஏழைப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே வாசல் அது. இந்த ஒரு காரணத்துக்காகவே மன்றங்களை எந்தப் பள்ளியும் கைவிடக் கூடாது.

2022 நவம்பர் 28 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'வானவில் மன்றம்' திட்டத்தைத் திருச்சி காட்டூரில் ஓர் அரசுப் பள்ளியில்தான் தொடங்கிவைத்தார். 13,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கான அறிவியல், கணித மன்றம் அது. பயிற்சி பெற்ற கருத்தாளர்கள் எளிய பொருள்களோடு பள்ளிக்கு வந்து, மாணவர்களே கையால் செய்து பார்க்கும் சோதனைகளை நடத்துகிறார்கள். ஆய்வகம் என்றால் பதினொன்றாம் வகுப்புக்குப் பிறகு திறக்கும் அறை என்றிருந்த பள்ளிகளில், ஆறாம் வகுப்புப் பிள்ளை பலூனையும் வினிகரையும் கையில் பிடித்து "ஏன்?" என்று கேட்க முடிவது பெரிய மாற்றம். சர் சி.வி.ராமன் 1888இல் பிறந்த திருவானைக்காவலைத் தன்னுள் கொண்ட ஊரில் இது தொடங்கியது பொருத்தமும்கூட.

மன்றத்தின் இரண்டாவது நன்மை விழாவில் அல்ல, விழாவுக்கு முந்தைய நாள்களில் இருக்கிறது. இலக்கிய மன்றத் தொடக்க விழா நடத்த வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். மைக் செட்டுக்கு ஆள் பார்க்க வேண்டும். வரவேற்புரை யார், நன்றியுரை யார் என்று முடிவாக வேண்டும். கோபித்துக்கொண்ட நண்பனைச் சமாதானம் செய்து நாடகத்தில் நடிக்க வைக்க வேண்டும். பாடநூலில் இல்லாத இந்தக் கல்வியைப் பெற்ற மாணவர்கள் பிற்காலத்தில் அலுவலகத்திலும் தெருச் சங்கத்திலும் தயங்காமல் முன்னே நிற்பதை நாம் பார்க்கிறோம். என்.எஸ்.எஸ். மாணவர்கள் ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கும் சிறப்பு முகாமும் அப்படித்தான். சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து வேலை செய்யும் அந்த ஒரு வாரம், ஓர் ஆண்டு முழுக்க வகுப்பறை பெஞ்சில் உடைக்க முடியாத பல தடுப்புகளை உடைத்துவிடும்.

மன்றங்களின் குறைகள்

ஆனால் மன்றம் எல்லோரையும் சேர்த்துக்கொள்வதில்லை. அதன் ஓட்டம் போட்டியை நோக்கியே இருக்கிறது. அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறுகிறது. அது கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வெளிச்சத்தை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் பள்ளி அளவில் முதல் சுற்று முடிந்ததுமே, நன்றாகப் பேசும் ஒருவர், நன்றாக ஆடும் ஒரு குழு என்று ஆசிரியரின் கவனம் குவிந்துவிடுகிறது. பேச்சுப் போட்டிக்கும் அவரே, கட்டுரைப் போட்டிக்கும் அவரே, குடியரசு தின உரைக்கும் அவரே. மீதி நாற்பது பேர் கைதட்டுகிறார்கள். திறமை உள்ளவரை மேலும் திறமையாளர் ஆக்குவது பயிற்சி மையத்தின் வேலை. பேச வராதவரைப் பேச வைப்பதுதான் பள்ளி மன்றத்தின் வேலை.

பேச்சிலும் ஒரு பழுது ஒட்டியிருக்கிறது. தமிழய்யாவோ தமிழம்மாவோ எழுதித் தருவார், மாணவர் மனப்பாடம் செய்து ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பார், கைதட்டல் விழும். திருச்சி மேடைத்தமிழுக்குப் பேர்போன ஊர். முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ.விசுவநாதம் வாழ்ந்து பேசிய ஊர். அந்த மரபின் வலிமை, எதிரே இருப்பவரின் வாதத்தைக் கேட்டு அதற்கு அங்கேயே பதில் கட்டுவதில் இருந்தது. பள்ளிப் பட்டிமன்றங்களில் இரண்டு அணியும் முன்பே எழுதி வைத்ததைச் சொல்லிவிட்டு அமர்கின்றன. எதிரணி என்ன சொன்னது என்று எவரும் கேட்பதில்லை. குரல் வளர்கிறது, கேட்கும் காதும் யோசிக்கும் பழக்கமும் வளர்வதில்லை.

மூன்றாவது குறை காகிதத்தில் இருக்கிறது. ஒரே ஆசிரியர் பாடமும் நடத்தி, தேர்வுத்தாளும் திருத்தி, எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் முறை) பதிவுகளும் முடித்து, இரண்டு மூன்று மன்றங்களுக்கும் பொறுப்பாளராக இருக்கிறார். மன்றம் நடந்தது என்பதற்குப் பதிவேட்டுக் குறிப்பும் அனுப்பிவைக்கும் படமுமே சான்று. பேனரைப் பிடித்து நின்று படம் எடுத்ததும் வேலை முடிந்துவிடுகிறது. இதற்கு ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை. எண்ணிக்கையைக் கேட்கும் நிர்வாகத்துக்கு எண்ணிக்கைதான் போய்ச்சேரும்.

நேரமும் ஒரு தடை. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்தால் மன்றம் நின்றுவிடும். ஸ்பெஷல் கிளாஸ் தொடங்கிவிடும். பல பள்ளிகளில் பி.டி. பீரியடையே கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்ளும்போது மன்றப் பாடவேளை மட்டும் எப்படித் தப்பும்? மாலை நாலரைக்கு மேல் கூட்டம் வைத்தால் மண்ணச்சநல்லூர், லால்குடிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவர்கள் கிளம்பிவிடுவார்கள். இருட்டிவிடும் என்று பெண்பிள்ளைகளை வீட்டில் அனுமதிக்க மாட்டார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களே மன்றத்தின் தூண்கள் ஆகிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மன்றத்தின் பொருளை மாணவர்கள் தீர்மானிப்பதில்லை என்பது. எந்த நாளில் எந்த உறுதிமொழி, எந்த வாரத்தில் எந்த விழிப்புணர்வு ஊர்வலம் என்று எல்லாம் சுற்றறிக்கையில் வந்துவிடும். 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் மதகுகள் ஒன்பது உடைந்து விழுந்தன. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை. அது ஏன் விழுந்தது, ஆற்றின் அடித்தளம் எப்படி அரிக்கப்படுகிறது, மணல் அள்ளுவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பது திருச்சியின் எந்த அறிவியல் மன்றத்துக்கும் ஓராண்டு முழுக்கப் போதுமான கேள்வி. பள்ளியின் குப்பை அரியமங்கலம் கிடங்குக்குப் போய் என்ன ஆகிறது என்பது சுற்றுச்சூழல் மன்றத்துக்கான கேள்வி. ஸ்ரீரங்கத்துப் பள்ளி என்றால் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்குப் பிறகு வீதிகளில் குவியும் பிளாஸ்டிக்கை எடைபோட்டுப் பார்க்கலாம். ஊரைத் தொடாத மன்றம், உறுதிமொழியை வாசித்துவிட்டுக் கலைந்துவிடுகிறது.

மகிழ் முற்றமும் மாணவர் அமைச்சரவையும்

2024 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் நாளில், 'மகிழ் முற்றம்' என்ற மாணவர் குழு அமைப்பைப் பள்ளிக் கல்வித் துறை அமைச்சராக அன்பில் மகேஸ் பொய்யாமொழி தொடங்கிவைத்தார்; அவர் திருச்சி மாவட்டம் திருவெறும்பூரிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். கட்டணப் பள்ளிகளின் சொத்தாக இருந்த ஹவுஸ் முறை, நம் திணைப் பெயர்களோடு அரசுப் பள்ளிக்கு வந்தது. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே குழுவில் சேர்வதால், ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு ஒன்பதாம் வகுப்பில் ஓர் அண்ணனோ அக்காவோ கிடைக்கிறார். தெருவாலும் சாதியாலும் நட்பு பிரிந்துகிடக்கும் ஊர்களில் இது சிறிய நன்மை அல்ல.

இருந்தாலும் குழுத் தலைவரின் பணி புள்ளிகளைச் சேர்ப்பதைச் சுற்றியே அமைகிறது. பள்ளியைப் பற்றி அவருடைய குழுவுக்கு ஒரு குறை இருந்தால் அதை எடுத்துச் செல்ல வழி என்ன, எடுத்துச் சென்றால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது வரையறுக்கப்படாவிட்டால், இதுவும் காலப்போக்கில் விளையாட்டு விழாவுக்கான ஏற்பாடாகச் சுருங்கிவிடும்.

தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் நடக்கும் மாணவர் அமைச்சரவையும் இப்படித்தான். உணவு அமைச்சர் சத்துணவு பரிமாறுவதைப் பார்த்துக்கொள்கிறார். சுகாதார அமைச்சர் நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். சிறு பிள்ளைக்கு ஒரு வேலையைப் பெயர் சொல்லி ஒப்படைப்பது நல்ல பயிற்சி. ஆனால் அமைச்சர் இருக்கிறார், அவரைக் கேள்வி கேட்கும் சபை இல்லை. சாம்பாரில் இன்று உப்பு அதிகம் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுந்து கேட்கவும், உணவு அமைச்சர் விசாரித்து நாளை பதில் சொல்லவும் வாரம் ஒருமுறை கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். அந்த அமைச்சரவைக்கு உயிர் வந்துவிடும். ராஜஸ்தானில் திலோனியாவின் இரவுப் பள்ளிகளைச் சேர்ந்த குழந்தைகள் பாராளுமன்றம் பெயர் பெற்றதற்குக் காரணம் இதுதான். ஆடுமாடு மேய்த்துவிட்டு இரவில் படிக்க வந்த அந்தப் பிள்ளைகள், தங்கள் பள்ளி சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை உண்மையிலேயே ஏற்றிருந்தார்கள்.

தேர்தல் வேண்டாம் என்பவர்களின் நியாயம்

மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுக்க விடலாம் என்றதும் தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். திருச்சியில் அதற்கு வரலாறும் உண்டு. 1930இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை இந்த ஊரிலிருந்துதான் புறப்பட்டது. ஸ்ரீரங்கத்துக்காரரான டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன் அதில் முன்நின்றார். 1938இல் இந்தி எதிர்ப்புத் தமிழர் படை இங்கிருந்து சென்னைக்கு நடந்தது. 1964 ஜனவரியில் அதே எதிர்ப்பில் கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சி ரயில் நிலையம் முன் தீக்குளித்தார். மறு ஆண்டு மாணவர்கள் தமிழகமெங்கும் தெருவில் இறங்கினார்கள். மாணவர் அமைப்பு என்றாலே கட்சியும் போராட்டமும் நினைவுக்கு வரும் ஊரில், பள்ளிக்குள் வாக்குப்பெட்டியை வைக்க நிர்வாகம் அஞ்சுவதில் வியப்பில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஒருநபர் குழுவின் தலைவராக, ஸ்ரீரங்கத்தில் பிறந்தவரான ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு 2024 ஜூனில் அறிக்கை அளித்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யும் அளவுக்குப் பள்ளிக்குள் சாதி ஊறியிருப்பதை அது வெளிப்படையாகப் பேசியது. இந்த நிலையில் தேர்தல் வைத்தால் எண்ணிக்கையில் பெரிய சாதி வெல்லும், சிறுபான்மையாக இருக்கும் பிள்ளைகள் மேலும் ஒதுங்குவார்கள் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. காசுள்ள வீட்டுப் பிள்ளை சாக்லேட் வாங்கிக் கொடுத்து வாக்குச் சேர்க்கும் என்ற கவலையும் வெறும் கற்பனை அல்ல.

ஆனால் நியமனத்திலும் இந்தக் குறைகள் இருக்கின்றன. அங்கே அவை மறைந்திருக்கின்றன. மதிப்பெண், சரளமான ஆங்கிலம், மேடைத் தோற்றம், பெற்றோரின் செல்வாக்கு ஆகியவற்றால் பேட்ஜ் யாருக்குப் போகிறது என்பதை வகுப்பறையின் கடைசி பெஞ்சு நன்றாக அறியும். தேர்தலில் தோற்றவருக்கு ஏன் தோற்றோம் என்பதாவது தெரியும். நியமனத்தில் விடுபட்டவருக்கு அதுவும் தெரியாது.

அச்சத்துக்குத் தீர்வு விதிகளில் இருக்கிறது. கல்லூரி, பல்கலைக்கழகத் தேர்தல்களுக்காக ஜே.எம்.லிங்டோ குழு வகுத்த பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அச்சிட்ட சுவரொட்டிக்குத் தடை, வேட்பாளரின் செலவுக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு, வருகைப்பதிவு நிபந்தனை எனத் தெளிவான வரம்புகள் அதில் உள்ளன. அவை பள்ளிக்கானவை அல்ல. ஆனால் அவற்றின் நோக்கத்தைப் பள்ளி எடுத்துக்கொள்ளலாம். செலவே கூடாது, சுவரொட்டியே கூடாது, ஒவ்வொரு வேட்பாளரும் வகுப்பின் முன் மூன்று நிமிடம் பேச வேண்டும், ரகசிய வாக்கு, ஒரு பருவம் மட்டுமே பதவி, அதே ஆள் மறுமுறை நிற்க முடியாது. வகுப்புக்கு இரண்டு பிரதிநிதிகளில் ஒருவரைத் தேர்தலிலும் மற்றவரைக் குலுக்கலிலும் எடுத்தால் சாதிக் கணக்கும் பிரபலமும் பாதி பலமிழக்கும். உத்திரமேரூர்க் குடவோலையைச் சமூக அறிவியலில் படிக்கும் பிள்ளைக்குக் குலுக்கலின் நியாயம் உடனே புரியும்.

கேரளத்தில் பள்ளிப் பாராளுமன்றத் தேர்தலைக் கல்வித் துறையே தேதி குறித்து நடத்துகிறது. வகுப்புப் பிரதிநிதிகளை மாணவர்கள் தேர்ந்தெடுக்க, அவர்கள் கூடிப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே கட்சி மாணவர் அமைப்புகளின் நிழல் பள்ளிக்குள் விழுகிறது என்ற குறை நெடுங்காலமாக உண்டு; நாம் அதைத் தவிர்க்க வேண்டும். தேர்தலையே தவிர்க்க அது காரணம் ஆகாது.

முடிவு எடுக்கப்படும் இடம்

தேர்தல் நடந்தாலும் போதாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் போய் அமர ஓர் இடம் வேண்டும். அரசுப் பள்ளியில் முடிவுகள் எடுக்கப்படும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதை உருவாக்கியது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இது உண்மையிலேயே மக்களாட்சித் தன்மை கொண்ட ஏற்பாடு. 2010இல் ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரி விதிகள் உள்ளூர்க் கல்வியாளர்களோடு பள்ளி மாணவர்களையும் அதில் சேர்க்க வழி வைத்தன. தமிழகத்தில் 2024இல் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கு இடம் தரப்பட்டது. நல்ல முடிவுதான். ஆனால் பள்ளியின் கழிப்பறையை அன்று காலை பயன்படுத்திய மாணவிக்கு அந்தக் குழுவில் நாற்காலி இல்லை. தண்ணீர்க் குழாய் எத்தனை நாளாக அடைத்துக் கிடக்கிறது, மதிய வேளையில் நாப்கின் எரிக்கும் இயந்திரம் வேலை செய்கிறதா, பள்ளி விடும் நேரத்துக்குப் பஸ் வருகிறதா என்பதைப் பெற்றோரைவிட, தலைமையாசிரியரைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்புப் பெறவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியின் பல மாநிலங்களில் பள்ளியின் முடிவெடுக்கும் அவையில் ஆசிரியர், பெற்றோரோடு மாணவரும் வாக்குரிமையோடு அமர்கிறார்கள்.

அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி இருக்கிறது. பெயர் சொல்லத் துணியாத பிள்ளைக்கு அது காப்பு. அது கட்டாயம் இருக்க வேண்டும். பாலியல் தொல்லை போன்ற புகார்கள் மாணவர் பிரதிநிதிகள் வழியாகப் போகவே கூடாது. அவற்றுக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் 1098, 14417 உதவி எண்களும் உண்டு. ஆனால் குடிநீரும் விளையாட்டு பீரியடும் ரகசியப் புகார்கள் அல்ல. அவை எல்லோருடைய பொதுக்காரியம். அவற்றை எல்லோர் முன்னும் பேசி, எல்லோர் முன்னும் பதில் பெறும் வழியே பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடிமை வாழ்க்கையைக் கற்றுத் தரும்.

என்ன செய்யலாம்

முதலில், வகுப்புப் பிரதிநிதியையும் ஒழுங்கைக் கண்காணிப்பவரையும் பிரித்துவிட வேண்டும். பேசியவர் பெயரை எழுதும் கையும் அவருக்காக மனு எழுதும் கையும் ஒன்றாக இருக்க முடியாது. அடுத்து, மாதம் ஒரு பீரியடை வகுப்புக் கூட்டத்துக்கு ஒதுக்கி, பேசியதைப் பிரதிநிதி குறிப்பேட்டில் எழுத வேண்டும். அந்தப் பிரதிநிதிகள் மாதம் ஒருமுறை தலைமையாசிரியரைச் சந்திக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதினைந்து வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் வந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். "முடியாது" என்பதும் பதில்தான், காரணத்தோடு வந்தால்.

எதில் மாணவர் முடிவெடுப்பார், எதில் அவரைக் கலந்தாலோசிப்போம், எது அவருக்கு உரியதல்ல என்று மூன்று பட்டியலையும் பள்ளி முன்பே எழுதி வைக்க வேண்டும். ஆண்டு விழா நிகழ்ச்சி, மன்றத்தின் பொருள், நூலகத்துக்கு வாங்கும் சில புத்தகங்கள் முதல் பட்டியலில் வரலாம். சீருடை, கால அட்டவணை, சுற்றுலா இரண்டாவதில். ஆசிரியர் மதிப்பீடும் தனிப்பட்ட தண்டனையும் மூன்றாவதில். சிறு தொகை ஒன்றை மன்றங்களின் கையில் கொடுத்து, வரவு செலவை அவர்களே எழுதிக் கூட்டத்தில் படிக்கச் சொல்ல வேண்டும். மன்றங்களில் ஒரு விதி போதும்: எல்லோரும் ஒருமுறை மைக்கைப் பிடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை பிடிக்கக் கூடாது. கூட்டங்கள் பள்ளி நேரத்துக்குள்தான் நடக்க வேண்டும். இல்லையென்றால் பஸ்ஸில் வருபவரின் குரல் எப்போதும் விடுபடும்.

இதனால் ஆசிரியருக்குச் சுமை கூடும் என்பது உண்மை. ஆகவே இருக்கும் மன்றங்களில் சிலவற்றைக் குறைக்கலாம். பெயரளவில் பத்து மன்றங்கள் இருப்பதைவிட, மாணவர்கள் நடத்தும் மூன்று மன்றங்கள் மேல். பள்ளி ஒழுங்கு குலையும் என்ற அச்சமும் இருக்கிறது. ஆனால் தான் சேர்ந்து போட்ட விதியை ஒரு பிள்ளை மீறுவது கடினம். திணித்த விதியை மீறுவது எளிது.

1989இல் 61ஆவது அரசமைப்புத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. தேர்தல் ஆணையம் 2018 முதல் பள்ளிகளில் தேர்தல் கல்வியறிவு மன்றங்களை அமைக்கிறது. வாக்கு இயந்திரத்தில் எப்படிப் பொத்தானை அழுத்துவது என்று அங்கே கற்றுக்கொள்ளும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், சில மாதங்களில் நாட்டின் அரசைத் தேர்ந்தெடுப்பார். அதுவரை தன் வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுத்த அனுபவமோ, தேர்ந்தெடுத்தவரிடம் கணக்குக் கேட்ட அனுபவமோ அவருக்கு இருக்காது. வாக்களிப்பதைச் சொல்லித்தந்துவிட்டுக் கணக்குக் கேட்பதைச் சொல்லித்தராமல் விடுவது பாதிக் கல்வி.

இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு இரண்டு மாணவர்களைச் சிறப்பு அழைப்பாளர்களாகக் கூப்பிடத் தலைமையாசிரியரை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வகுப்புக் கூட்டம் வைக்கப் பணம் வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்திலோ உறையூரிலோ தெப்பக்குளத்திலோ ஒரு பள்ளி இந்த ஆண்டு இதை நேர்மையாக நடத்தி, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதட்டும். பக்கத்துப் பள்ளி அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். பிள்ளைகள் தவறாகவும் தீர்மானிப்பார்கள். அந்தத் தவறைப் பதினாறு வயதில், பார்த்துக்கொள்ள ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்வதே அவர்களுக்கும் ஊருக்கும் நல்லது.